பாவனை வானில் ஒளியும் நிழலும்

ஒளியில்லையேல் கண் இருந்தும் பயனில்லை. ஆயினும், ஒளி மட்டும் இருந்தால் பொருளின் வடிவம் புலப்பட்டுவிடும் என்று எண்ணுவதும் பிழையாகும். வெண்ணிறப் பந்தொன்றை எல்லாப் பக்கங்களினின்றும் ஒரே அளவாக ஒளி படுமாறு வைத்தால், அது பந்தாகத் தோன்றாது; வட்டமான வெண்தாளாகவே தோன்றும். ஒரு பக்கம் ஒளியும், மறு பக்கம் நிழலும், இடையே ஒளியினின்று நிழலுக்கு இறங்கும் படிகளும் அமைந்த பொழுதுதான், 'இது உருண்டை' என்று கண் உணர்கிறது. ஆகவே, ஒளி பொருளைக் காட்டுகிறது. நிழலோ அதன் வடிவத்தைக் காட்டுகிறது எனலாம்.

திரண்டு உருண்ட பொருள்களுக்கு இம்முறை எளிதிற் பொருந்தும். ஆனால் இலை, துணி, தகடு, வேலி, கம்பி, புல்லின் இதழ் போன்ற மெல்லிய பொருள்களுக்கு ஒளியும் நிழலும் எங்ஙனம் அமையும்? அவற்றிற்கு நீளமும் அகலமும் உண்டு. கனமோ இல்லை என்னும்படி சிறியது. இந்த ஐயம் ஓவியனுக்கு என்றும் உண்டு. இந்நாளில், கணிப்பொறியினுள்ளே ஓர் உலகத்தையே படைத்து, அதன்மேல் வானூர்தியைப் பறக்கவிடும் கலைஞர்களுக்கு இது பெருஞ்சிக்கலாக நிற்கிறது. அச்சிக்கல் யாது, அதனை அவர்கள் எவ்வாறு தீர்க்கின்றனர் என்பதே இப்பாடத்தின் பொருள்.

வானூர்தியில் ஏறாமலே வானூர்தி ஓட்டப் பழகுவதற்குரிய கருவியை ஆங்கிலத்தார் 'ஃபிளைட் சிமுலேட்டர்' என்பர். நாம் அதனைப் பாவனை வானூர்தி என்று வழங்குவோம். இதன் வரலாறு ஓர் இசைக்கருவித் தொழிற்சாலையில் தொடங்குகிறது. அமெரிக்க நாட்டில், நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த பிங்காம்டன் என்னும் ஊரில், எட்வின் லிங்க் என்பவர் தம் தந்தையாரின் ஆர்கன், பியானோ தொழிற்சாலையில் பணிசெய்து வந்தார். ஆர்கன் என்பது துருத்தியால் காற்றைச் செலுத்தி ஒலிக்கச் செய்யும் இசைக்கருவி. அத்துருத்திகளையே கொண்டு, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாயும் சிறு பெட்டியொன்றை 1929-ஆம் ஆண்டில் அவர் அமைத்தார். வானூர்தி ஓட்டியின் இருக்கையும் கைப்பிடியும் கருவிகளும் அதனுள் இருந்தன. தொடக்கத்தில் அதனை வாங்கியவர்கள் கேளிக்கைப் பூங்கா நடத்துவோரே!

1934-ஆம் ஆண்டில் நிலைமை மாறியது. அவ்வாண்டு அமெரிக்கப் படையின் வானூர்திப் பிரிவினர் அஞ்சற் பைகளைச் சுமந்து செல்லும் பொறுப்பை ஏற்றனர். பனியிலும் இரவிலும் கருவிகளை மட்டும் நோக்கி ஓட்டும் பழக்கம் அவர்களுள் பலருக்கு இல்லை. அதனால் சில கிழமைகளுக்குள்ளேயே பலர் உயிரிழந்தனர். அதன் பின்னரே படையினர் லிங்க்கின் பெட்டிகள் ஆறினை விலைகொடுத்து வாங்கினர். வேடிக்கைப் பொருளாக இருந்தது உயிர்காக்கும் ஆசானாயிற்று.

லிங்க்கின் பெட்டியில் வெளிக்காட்சி என்பது இல்லை. மூடிய பெட்டிக்குள் அமர்ந்து, முள்களையும் எண்களையும் மட்டுமே பார்த்துப் பழக வேண்டும். பின்னர், ஊரையும் வயலையும் ஓடுபாதையையும் சிறு உருவங்களாகப் பெரியதொரு பலகைமேல் அமைத்து, அதன்மேல் தொலைக்காட்சிப் படக்கருவியை நகர்த்தி, அது காணும் காட்சியைப் பயில்வோன்முன் காட்டினர். அதன் பின்னரே கணிப்பொறி வந்தது. யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் நகரில் டேவிட் இவான்ஸ், ஐவன் சதர்லாந்து என்னும் இருவரும் 1968-ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம், கணிப்பொறியே வரைந்து காட்டும் காட்சிகளைப் பயிற்சிக் கருவிகளுக்கு வழங்கியவற்றுள் முதன்மையானது. வீட்டிலே வைத்துப் பழகும் சிறு கணிப்பொறிக்கென புரூஸ் ஆர்ட்விக் என்பவர் ஆக்கிய பாவனை வானூர்தியை 1982-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்டது. அந்நாளில் மலையும் கட்டடமும் சில கோடுகளாகவே தோன்றின. 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த பதிப்பிலோ, உலகின் நிலப்பரப்பு முழுவதும் வானினின்று எடுத்த படங்களைக் கொண்டு விரிக்கப்பட்டது.

இத்தகைய காட்சிகள் எவற்றால் ஆகின்றன என்று வினவினால், முக்கோணங்களால் என்பதே விடை. கணிப்பொறியில் மலையும் முக்கோணங்களின் தொகுதியே, மாளிகையும் அங்ஙனமே. ஒவ்வொரு முக்கோணமும் கனமே இல்லாத ஒரு தளம். அத்தளத்தினின்று நேர் செங்குத்தாக வெளியே நீளும் கோடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்க. அதற்குச் செங்கோடு என்று பெயர். மேசைமேல் நிறுத்திய எழுதுகோல் மேசைத் தளத்திற்குச் செங்கோடு ஆகும். தளம் எத்திசையை நோக்கியுள்ளது என்பதைக் கணிப்பொறிக்கு அறிவிப்பது இச்செங்கோடே. கணிப்பொறிக்குக் கண் இல்லை; செங்கோடு எதனைச் சொல்கிறதோ அதனையே அது நம்பும். செங்கோடு பிழைபட்டால், ஒளியும் பிழைபடும்.

தளத்தின்மேல் விழும் ஒளியின் அளவைக் கணக்கிடும் விதி பழமையானது. யோகான் ஐன்ரிக் லாம்பர்ட் என்னும் அறிஞர், 1760-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் ஒளியளவை நூலில் அதனை விளக்கினார். ஒளி வரும் திசைக்கும் தளத்தின் செங்கோட்டிற்கும் இடையே உள்ள கோணம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கோணம் சுழியாயின், அதாவது ஞாயிறு தளத்திற்கு நேரே நின்றால், தளம் முழு ஒளி பெறும். அதனை 100 பங்கு எனக் கொள்வோம். கோணம் 60 பாகையாயின் 50 பங்கே கிடைக்கும். 90 பாகையாயின் ஒளி தளத்தைத் தடவிச் செல்லுமேயன்றி அதன்மேல் விழாது. 90 பாகையைக் கடந்தால் ஞாயிறு தளத்தின் பின்புறத்தில் இருக்கிறது என்பது பொருள். அப்பொழுது முன்முகம் நிழலில் இருக்கும். நண்பகல் வெயில் சுடுவதும் மாலை வெயில் மெலிவதும் பெரும்பாலும் இவ்விதியாலேயே என்பதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள்.

தட்டையான முக்கோணங்களை ஒட்டி உருண்டையைச் செய்தால், அது பட்டை தீட்டிய கல்லைப்போல் முகம் முகமாகத் தோன்றுமன்றோ? அக்குறையை நீக்கும் வழியை யூட்டா பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆன்றி கூரோ என்பவர் 1971-ஆம் ஆண்டில் கண்டார். பல முக்கோணங்கள் கூடும் முனையில், அவற்றின் செங்கோடுகளின் சராசரியை எடுத்து, அம்முனையின் ஒளியைக் கணக்கிட வேண்டும். முனைகளுக்கு இடைப்பட்ட பகுதியில் அவ்வொளியைப் படிப்படியாகக் கலந்துவிட வேண்டும் என்பது அவர் முறை. தம் மனைவியாரின் முகத்தில் கோடுகள் வரைந்து, அவற்றை அளந்து, அம்முகத்தைக் கணிப்பொறியில் வழவழப்பாகத் தோன்றச் செய்தார் அவர். அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த வியத்நாம் நாட்டவரான பூய் துவாங் ஃபாங் என்பவர், முனைகளின் ஒளியைக் கலப்பதினும், முனைகளின் செங்கோடுகளையே கலந்து ஒவ்வொரு புள்ளியிலும் ஒளியைக் கணக்கிடுவது மேல் என்று காட்டினார். அவருடைய கட்டுரை 1975-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே, இளமை கழியுமுன்னே, அவர் உயிர் நீத்தார். அவர் பெயரோ இன்றளவும் அத்துறையோர் நாவில் வழங்குகிறது.

இவ்வளவும் உருண்டு திரண்ட பொருள்களுக்கு இனிது பொருந்தும். இனி, மெல்லிய பொருள்களிடம் வருவோம்.

வானூர்தி நிலையத்தில் வழிகாட்டும் அறிவிப்புத் தகடு ஒன்றைக் காட்சியமைப்போன் செய்கிறான் என்று கொள்வோம். தகட்டின் கனம் மிகச் சிறியது. ஆதலின் அதனைக் கனமில்லாத ஒரே தளமாக அமைத்துவிடுகிறான். முன்னே நின்று பார்த்தால் தகடு நன்றாகத் தோன்றுகிறது. வானூர்தி அதனைக் கடந்து சென்றபின் திரும்பிப் பார்த்தால், தகடு மறைந்து போயிற்று! இஃது ஏன்? கணிப்பொறி, தன்னைவிட்டு அப்பால் நோக்கும் தளங்களை வரைவதில்லை. வீடு, மலை, பந்து போன்ற மூடிய பொருள்களில் புறங்காட்டும் தளங்களை முன்னுள்ள தளங்கள் எப்படியும் மறைத்துவிடும். மறையப்போவதை வரைவது வீண் உழைப்பு என்று அதனை ஒதுக்குவதால் ஏறக்குறையப் பாதி வேலை குறைகிறது. பருத்த பொருளுக்கு நன்மையாக அமைந்த அவ்விதி, மெல்லிய பொருளுக்குத் தீமையாய் முடிகிறது.

'அவ்வாறாயின், இத்தளத்தை மட்டும் இரு புறமும் வரைக' என்று ஆணையிட்டால் என்ன? தகடு மறையாது; ஆனால் வேறொரு குற்றம் தோன்றும். தளத்திற்குச் செங்கோடு ஒன்றுதான் உண்டு. அது கிழக்கு நோக்கியதாயின், காலையில் தகட்டின் கிழக்கு முகமும் ஒளிரும்; நிழலில் இருக்கவேண்டிய மேற்கு முகமும் அதே அளவு ஒளிரும். மாலையில் ஞாயிறு மேற்கே சாய்ந்து மேற்கு முகத்தில் நேரே வெயில் அடிக்கும்பொழுதோ, இரு முகங்களும் இருண்டு நிற்கும். இயற்கையில் இத்தகைய தகடு உண்டோ?

இனி, முன்முகம் ஒன்று, பின்முகம் ஒன்று என இரண்டு தளங்களை அமைத்து, முனைகளை மட்டும் பொதுவாக வைத்துக்கொண்டால், அதனினும் பெரிய குற்றம் நேரும். கூரோவின் முறைப்படி முனையில் கூடும் தளங்களின் செங்கோடுகளைச் சராசரி செய்ய வேண்டுமன்றோ? ஒன்று கிழக்கு நோக்குகிறது. மற்றொன்று மேற்கு நோக்குகிறது. இரண்டையும் கூட்டினால் ஒன்றையொன்று அழித்துச் சுழியாகும். எத்திசையும் நோக்காத செங்கோட்டைக்கொண்டு கணிப்பொறி என்ன செய்யும்? தகட்டைக் கரியதாகவோ, ஒழுங்கற்ற திட்டுகள் உடையதாகவோ காட்டும்.

ஆகவே, செய்யத்தக்கது இதுவே: முன்முகத்திற்கு நான்கு முனைகள், அவை நிற்கும் அதே இடங்களில் பின்முகத்திற்கு வேறு நான்கு முனைகள், ஆக எட்டு முனைகள். முன்முனைகளுக்குச் செங்கோடு முன்னோக்கியும், பின்முனைகளுக்குப் பின்னோக்கியும் இருக்க வேண்டும். இடம் ஒன்றே, நோக்கு இரண்டு. வரைகின்ற தருணத்தில், 'காண்போன் பின்புறத்தில் இருக்கின்றானாயின் செங்கோட்டைத் திருப்பிக்கொள்க' என்று கணிப்பொறிக்கு ஆணையிடுதலும் உண்டு. இரண்டும் ஒரே பயனைத் தரும்.

'இவ்வளவு தொல்லை ஏன்? தகட்டிற்குச் சிறிது கனமே கொடுத்துவிட்டால் என்ன?' என்று உங்களுள் ஒருவர் கேட்கலாம். நல்ல வினாவே. கனம் கொடுத்தால் தகடு மெல்லியதொரு பெட்டியாகும். பெட்டியின் ஒவ்வொரு மூலையிலும் மூன்று தளங்கள் கூடும். அவற்றின் செங்கோடுகளைச் சராசரி செய்தால், கிடைப்பது ஒவ்வொரு தளத்தின் செங்கோட்டினின்றும் ஏறக்குறைய 55 பாகை சாய்ந்திருக்கும். ஞாயிறு தகட்டிற்கு நேரே நின்று, முகம் முழுவதும் 100 பங்கு ஒளி பெறவேண்டிய வேளையிலும், மூலைகளில் 58 பங்கே கணக்காகும். கூரோவின் முறையில் நான்கு மூலைகளின் ஒளியே முகம் முழுவதும் பரவுமாதலால், தகடு முழுதும் மங்கிவிடும். ஃபாங்கின் முறையில் நடுவே 100 பங்கும் மூலைகளில் 58 பங்கும் ஆகி, தகடு பஞ்சு திணித்த தலையணை போல் புடைத்துத் தோன்றும். இதற்கும் தீர்வு உண்டு. சராசரி செய்யுங்கால் மூன்று தளங்களையும் சமமாக மதியாது, பரப்பிற்கு ஏற்ப மதித்தால், அகன்ற முகமே மேலோங்கும். விளிம்பின் சிறு தளங்கள் அடங்கும். தகடு மீண்டும் தகடாகும்.

அடுத்து, புல்வெளியை நோக்குவோம். ஓடுபாதையின் இரு மருங்கும் புல் வளர்ந்துள்ளது. புல்லின் இதழ்கள் நேராக நிற்கும் மெல்லிய தளங்கள். ஞாயிறு அடிவானத்திற்கு மேல் 30 பாகை உயரத்தில் இருக்கிறது என்று கொள்க. விதிப்படி, கிடையாகக் கிடக்கும் தரைக்கு 50 பங்கு ஒளி விழும். ஞாயிற்றை நேரே நோக்கி நிற்கும் இதழுக்கு 87 பங்கு விழும். முதுகு காட்டி நிற்கும் இதழுக்கோ நேரொளி சிறிதும் இல்லை. விளைவு என்ன? கருமையும் வெண்மையும் மாறி மாறி, வைக்கோலையும் கரித்துண்டையும் கலந்து இறைத்தாற்போலப் புல்வெளி தோன்றும். உண்மைப் புல்வெளி அங்ஙனம் தோன்றுவதில்லை. அங்கே இதழ்கள் வளைந்தும் சாய்ந்தும் ஒன்றற்கொன்று ஒளியைச் சிதறியும் ஊடுருவவிட்டும் நிற்பதால், சேய்மையினின்று காணுங்கால் எல்லாம் கலந்து ஒரே பசுமையாகின்றன.

இங்கே காட்சியமைப்போர் ஓர் உபாயம் செய்கின்றனர். இதழ் நேராக நின்றபோதிலும், அதன் செங்கோட்டைத் தரையின் செங்கோட்டைப் போலவே மேல்நோக்கி அமைத்துவிடுகின்றனர். இதழும் தரையும் ஒரே அளவு ஒளி பெற்று ஒன்றிவிடுகின்றன. மரங்களுக்கும் இதனை ஒத்த வழி உண்டு. மரத்தின் படம் எழுதிய இரண்டு தளங்களைக் கூட்டற் குறிபோல் குறுக்கே நிறுத்தி மரமாகக் காட்டுவர். அவற்றின் செங்கோடுகளை மரத்தின் நடுவினின்று நாற்புறமும் விரிவனவாக அமைத்தால், தட்டையான தளங்களே உருண்டு செறிந்த தழைபோல் ஒளியும் நிழலும் பெறுகின்றன. தனி இதழை நோக்க இச்செங்கோடு பொய். முழு வெளியையும் நோக்க அதுவே மெய். எதனைக் காட்ட வேண்டும் என்பதை அறிந்தவனுக்கே இவ்வுபாயம் கைகூடும். அறியாதவன் கையில் அஃது பிழையாகவே முடியும்.

மெல்லிய பொருள்களுக்கு மற்றொரு தன்மையும் உண்டு. இளந்தளிரைக் கதிரவனுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அது கறுத்துத் தோன்றாது; பொன்னும் பச்சையும் கலந்த நிறத்தோடு சுடர்விடும். நரம்புகள் மட்டும் கோடு கோடாகத் தெரியும். ஒளி இலையின் உள்ளே புகுந்து மறுபுறம் வெளிப்படுவதே இதற்குக் காரணம். வானூர்தி நிலையத்தில் காற்றின் திசை காட்டப் பறக்கும் துணிக்குழலும் இத்தகையதே. பின்னே ஞாயிறு நிற்கும்பொழுது அஃது உள்ளிருந்து விளக்கேற்றியது போல் தோன்றும். ஆதலின் இலைக்கும் துணிக்கும், பின்முகத்தில் விழும் ஒளியில் ஒரு பங்கை முன்முகத்திற்கும் கூட்டித் தருதல் வேண்டும். ஆனால் இரும்புத் தகட்டிற்கு அவ்வாறு செய்தல் கூடாது. செய்தால் இரும்பும் காகிதமாகத் தோன்றும். கனத்தில் ஒத்திருப்பினும் தன்மையில் இலை வேறு, இரும்பு வேறு. வடிவத்தை அளந்தால் மட்டும் போதாது. பொருளின் இயல்பையும் அறிதல் வேண்டும்.

இதுவரை கூறியது ஒரு பொருளின்மேல் அமையும் ஒளியும் மங்கலும் பற்றியது. அப்பொருள் தரைமேல் வீழ்த்தும் நிழல் வேறு. இதனைக் கணக்கிட லான்ஸ் வில்லியம்ஸ் என்பவர் 1978-ஆம் ஆண்டில் ஒரு வழி கூறினார். முதலில் ஞாயிற்றின் இடத்தில் நின்று உலகைப் பார்ப்பதாகப் பாவித்து, ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் எதிர்ப்படும் பொருள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று குறித்துவைக்க வேண்டும். பின்னர்க் காட்சியை வரையும்பொழுது, ஓரிடம் அக்குறிப்பில் உள்ள தொலைவிற்கு அப்பாற்பட்டதாயின், அதற்கு முன்னே ஏதோ மறைக்கிறது. ஆகவே அவ்விடம் நிழல் என்று முடிவு செய்யலாம். அழகிய முறையே. ஆயினும் ஒரு கட்டத்தின் அகலம் அரை மீட்டராயின், 5 செண்டிமீட்டர் தடிமனுள்ள வேலிக்கம்பம் அக்குறிப்பில் அகப்பட்டாலும் அகப்படும், தப்பினாலும் தப்பும். அதனால் நிழல் விட்டுவிட்டுத் தோன்றும்.

இன்னொன்றும் உண்டு. கணக்கில் நேரும் நுண்பிழையால் ஒரு தளம் தன்னைத் தானே மறைப்பதாக எண்ணிப் புள்ளி புள்ளியாகக் கறுத்துப் போவதுண்டு. அதனைத் தடுக்கத் தொலைவில் சிறு விட்டுக்கொடுப்பு வைப்பர். அவ்விட்டுக்கொடுப்பு தகட்டின் கனத்தினும் மிகுந்தால், தகட்டின் பின்முகமும் வெயிலில் இருப்பதாகவே குறிப்பு சொல்லும். அப்பொழுது உண்மை உரைக்க எஞ்சியிருப்பது செங்கோடு ஒன்றே. செங்கோடு செம்மையாயின், 'நான் ஞாயிற்றுக்கு முதுகு காட்டி நிற்கிறேன்' என்று அது கூறும். பின்முகம் நிழலிலேயே நிற்கும். ஒரு சான்று தவறினும் மற்றொரு சான்று காக்கும். செங்கோடும் பிழைபட்டால், காக்க எவரும் இல்லை.

இறுதியாக, தொலைவினால் வரும் இடரைக் காண்போம். 60 பாகை அகலமுள்ள காட்சியை, குறுக்கே 1,920 புள்ளிகள் உள்ள திரையில் காட்டுவதாகக் கொள்க. 500 மீட்டர் தொலைவில் ஒரு புள்ளி ஏறக்குறைய 27 முதல் 30 செண்டிமீட்டர் அகலத்தை அடக்கும். 2 செண்டிமீட்டர் தடிமனுள்ள மின்கம்பி ஒரு புள்ளியில் பன்னிரண்டில் ஒரு பங்கும் இல்லை. புள்ளியின் நடுவில் கம்பி படுகிறதா என்று மட்டும் பார்த்து வரைந்தால், கம்பி சிலவிடத்துத் தோன்றியும் சிலவிடத்து மறைந்தும், வானூர்தி நகருந்தோறும் மின்மினிபோல் மினுக்கும். கம்பி மறைக்கும் பங்கினை அளந்து, அப்பங்கிற்கு மட்டும் அதன் நிறத்தை வானின் நிறத்தோடு கலப்பதே முறையாகும். கம்பிவலை வேலிக்கும் இவ்வாறே. வேலியில் கம்பி ஐந்தில் ஒரு பங்கு, வெற்றிடம் நான்கு பங்கு என்க. 'பாதிக்கு மேல் கம்பி இருந்தால் வரைக. இல்லையேல் விடுக' என்று விதித்தால், சேய்மையில் வேலி முழுதும் மறைந்தொழியும். பங்கிற்கு ஏற்பக் கலந்தால், மெல்லிய திரைபோல் வேலி நிலைத்து நிற்கும்.

'ஒரு தகட்டின் முதுகும், ஒரு புல்லின் நிறமும், ஒரு கம்பியின் மினுக்கும் இத்துணை ஆராய்ச்சிக்கு உரியனவோ?' என்று நீங்கள் எண்ணக்கூடும். வீட்டில் விளையாட்டாகப் பறப்பவனுக்கு இவற்றால் வரும் தீங்கு பெரிதன்று; கண்ணுக்கு உறுத்தலாகும், அவ்வளவே. ஆனால் பயிற்சிக் கருவியில் அமர்ந்திருப்பவன் நிலை வேறு. தரையை நெருங்குங்கால், தன் உயரத்தையும் வேகத்தையும் அவன் கருவியால் மட்டும் அறிவதில்லை. ஓடுபாதையின் வடிவம், புல்லின் நெருக்கம், வேலியின் உயரம், கம்பங்களின் நிழல் ஆகிய குறிகளைக் கண் தானே கூட்டி எண்ணிக்கொள்கிறது. தாழப் பறக்கும் ஹெலிகாப்டர்களுக்கு மின்கம்பிகள் மெய்யான எமன்கள். கம்பியில் சிக்கி வீழ்ந்தவை பல. பாவனை உலகில் மறைந்தும் மினுக்கியும் தோன்றும் கம்பியைப் பார்த்துப் பழகிய கண், மெய்யுலகில் எங்கே எதனைத் தேட வேண்டும் என்பதைக் கற்காது. அல்லது தவறாகக் கற்கும். கல்லாமையினும் தவறாகக் கற்றல் கொடிது. கல்லாதவன் அஞ்சி நிற்பான். தவறாகக் கற்றவனோ துணிந்து செல்வான்.

மற்றொரு செய்தியும் அறியத்தக்கது. பட்டறிவு மிக்க வானூர்தி ஓட்டி ஒருவர் ஒருவகை வானூர்தியினின்று மற்றொரு வகைக்கு மாறும்பொழுது, பறக்கும் பயிற்சி முழுவதையும் மிக உயர்ந்த தரமுள்ள பாவனைக் கருவியிலேயே முடிக்க விதிகள் இடந்தருகின்றன. அத்தகையோர் அப்புதிய வானூர்தியை முதன்முறை மெய்யாக இயக்கும் நாளில், பயிற்றுநர் ஒருவரின் மேற்பார்வையில், பயணிகளையும் ஏற்றிச் செல்லலாம். பின்னிருக்கையில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கும் பயணிக்கு, ஓட்டியின் கண் எங்கே பழகியது என்பது தெரியாது. அந்தக் கண்ணைப் பழக்கிய புல்லையும் வேலியையும் கம்பியையும் யாரோ ஒருவர் எங்கோ அமர்ந்து அமைத்தார். அவர் செங்கோட்டைச் செம்மையாக வைத்தாரா என்பதில் அப்பயணியின் நலமும் சிறிது அடங்கியிருக்கிறது.

மாணவர்களே, பெரிய மலையை வரைவதில் எவரும் கவனம் செலுத்துவர். அதனை எல்லாரும் பார்ப்பர். மெல்லிய தகட்டின் பின்முகத்தைப் பார்ப்பவர் சிலரே. அச்சிலர் பார்க்கும்பொழுதும் அது மெய்யாக இருக்க வேண்டும் என்று உழைப்பவனே தொழிலில் தேர்ந்தவன். லிங்க் துருத்தியை நுணுகி அறிந்தார். லாம்பர்ட் ஒளி சாயும் கோணத்தை நுணுகி அளந்தார். கூரோவும் ஃபாங்கும் முனைகளுக்கு இடையே உள்ள சிறு இடைவெளியை நுணுகி ஆராய்ந்தார்கள். அந்நுணுக்கங்கள் ஒன்று சேர்ந்தே இன்று ஒரு பாவனை வானையும் அதன்கீழ் ஒரு பாவனை நிலத்தையும் நமக்கு அளித்துள்ளன.

நாளைக் காலையில் பள்ளிக்கு வரும் வழியில் ஓர் இலையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு முன்னே நிற்க ஒருமுறையும், பின்னே நிற்க ஒருமுறையும் அதனைப் பாருங்கள். முகம் எது, முதுகு எது, உள்ளே புகுந்து வரும் ஒளி எது என்று பிரித்தறியுங்கள். கணிப்பொறிக்குக் கற்பிக்க முனைவோர் முதலில் கற்கவேண்டிய பாடம் அந்த இலையில் இருக்கிறது. உற்று நோக்குவோர்க்கு அது விளங்கும்.